டிரஸ்ட் பணம் யார் கைக்குப் போய்ச் சேருகிறது? எண்ணிப் பார்க்க ஒரு வழிகாட்டி

எங்கள் டிரஸ்டின் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மதியம் இரண்டரை மணிக்கு ஓர் அம்மாவும் மகளும் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தார்கள். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஊர். காலையில் பஸ் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, சேலத்தில் நாலு பேரிடம் வழி கேட்டு எங்கள் அலுவலகத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். படிவத்தை அந்தப் பெண் அழகாக நிரப்பியிருந்தாள். மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்று, பாஸ்புக் நகல் எல்லாம் சரி, சாதிச் சான்று மட்டும் இல்லை. "ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதிக் குடுத்து நாலு மாசம் ஆச்சுங்க சார், இன்னும் வரலைங்க" என்றார் அம்மா. நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது இரண்டே மாதம். விதி சொன்னபடி செய்தேன். 'ஆவணம் குறைவு' என்று சிவப்பு மையில் எழுதி, நிராகரித்த கட்டில் செருகினேன். அந்த வருட ஆண்டறிக்கையில் 'சமுதாயத்தின் அனைத்துத் தரப்பு மாணவர்களுக்கும் உதவி வழங்கினோம்' என்ற வரியை எழுதியதும் நானேதான்.

அந்தப் பெண் பழங்குடி. எஸ்சி, பிசி சான்றுகள் மாதிரி எஸ்டி, அதாவது பழங்குடிச் சான்று தாசில்தாரோடு முடிவதில்லை. கோட்டாட்சியர், அந்த அம்மா சொன்ன ஆர்டிஓ, விசாரித்துத் தர வேண்டும். எங்கள் படிவத்தில் எல்லோருக்கும் ஒரே விதிதான் இருந்தது, அதில் எங்களுக்கு ஒரு பெருமைகூட. ஆனால் அந்த ஒரே விதி சேலம் நகரத்து அம்மாபேட்டைப் பையனுக்கு இ-சேவை மையத்துக்கு ஒரு நடை, நாகலூர்ப் பெண்ணுக்கு மாதக்கணக்கில் அலைச்சல். இது எனக்குப் புரியவே இரண்டு வருடம் ஆனது. புதிதாக அறக்கட்டளை வேலைக்கு வருபவர்களுக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

உதவி யாருக்குப் போகிறது, யாருக்கு விட்டுப்போகிறது என்று பார்ப்பதை வெளிநாட்டு நிதி நிறுவனங்களும் பெரிய கம்பெனிகளின் சிஎஸ்ஆர், அதாவது சமூகப் பொறுப்பு நிதியைக் கவனிக்கும் ஆட்களும் 'டிஇஐ' என்பார்கள். தமிழில் பன்மைத்தன்மை, சமநீதி, உள்ளடக்கம் என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம், பவர்பாயிண்டில் போட்டால் கம்பீரமாக இருக்கும். நான் மனதில் வைத்திருப்பது மூன்று கேள்விகள்தான்: யார் யார் வந்திருக்கிறார்கள், அவரவர் நிலைமைக்குத் தக்கபடி கிடைக்கிறதா, வந்தவர் சொன்னால் ஏதாவது மாறுகிறதா. வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது முகம் சுளித்தால் 1921ஐ நினைவுபடுத்துங்கள். அரசு வேலைகளை எல்லாச் சமூகத்துக்கும் பகிர வேண்டும், யார் எத்தனை பேர் என்று கணக்குக் காட்ட வேண்டும் என்று நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி ஆணை போட்ட வருடம் அது. தலை எண்ணுவது நமக்குப் புதிதில்லை. டிரஸ்டுகள்தான் இன்னும் எண்ண ஆரம்பிக்கவில்லை.

முதலில், எதோடு ஒப்பிடப் போகிறீர்கள்?

'எங்கள் பயனாளிகளில் ஐந்து சதவீதம் பழங்குடியினர்' என்றால் அது அதிகமா குறைவா? ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி சேலம் மாவட்டத்தில் சுமார் 34.8 லட்சம் பேர், அதில் பட்டியல் சாதியினர் 16.7 சதவீதம், பழங்குடியினர் 3.4 சதவீதம். தமிழ்நாடு முழுவதற்கும் பழங்குடியினர் 1.1 சதவீதம்தான். ஆக, மாநிலச் சராசரியை எடுத்துக்கொண்டு சேலத்தில் வேலை பார்த்தால் ஆரம்பத்திலேயே கணக்கு தப்பு. மாவட்டச் சராசரியும் ஏமாற்றும். ஏற்காட்டிலும் கல்வராயன் மலையில் கருமந்துறைப் பக்கமும் பழங்குடியினர்தான் பெரும்பான்மை, ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே அவர்களுக்கான தனித்தொகுதி. நீங்கள் எந்த ஊர்களில் வேலை செய்கிறீர்களோ அந்த ஊர்களின் கணக்கை எடுங்கள். கணக்கெடுப்புத் தளத்தில் கிராமவாரியாகவே கிடைக்கும். பழைய கணக்குத்தான், ஆனால் ஒன்றுமில்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

இந்த இடத்தில் எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லியாக வேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பழங்குடியினருக்கு 'மலையாளி' என்று பெயர். மலையை ஆள்கிறவர்கள், தமிழ் பேசுகிறவர்கள், கேரளாவுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. விடுமுறையில் தட்டச்சு செய்ய வந்த கல்லூரித் தம்பி ஒருவர், படிவத்தில் 'மலையாளி' என்று பார்த்த இடத்திலெல்லாம் தாய்மொழிக் கட்டத்தில் 'மலையாளம்' என்று போட்டு, மாநிலத்தை 'கேரளா' என்று மாற்றிவிட்டார். எங்கள் டிரஸ்ட் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்தான் உதவும் என்பதால் கணினி அத்தனை பேரையும் தானாகவே வெளியே தள்ளிவிட்டது. யாருக்கும் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை, அதைத்தான் கவனிக்க வேண்டும். தட்டச்சு செய்பவருக்கு ஊரைப் பற்றிப் பத்து நிமிடம் சொல்லிக்கொடுங்கள்.

சட்டம்: சுருக்கமாக, ஆனால் தவறவிடாமல்

டிரஸ்ட் பத்திரத்தை ஒரு தடவை முழுசாகப் படியுங்கள், பெரும்பாலும் யாரும் படித்திருக்க மாட்டார்கள். குறிப்பிட்ட ஒரு மதத்துக்கோ சாதிக்கோ மட்டும் என்று அமைத்த தர்ம அறக்கட்டளைக்கு வரிவிலக்கு கிடையாது என்பது 1961 வருமான வரிச் சட்டத்தின் 13ஆம் பிரிவு வகுத்த விதி. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் என்று ஒதுக்கினால் அந்தத் தடை வராது. 'எங்கள் சமூக மாணவர்களுக்கு மட்டும்' என்று தாத்தா எழுதி வைத்த பத்திரங்கள் சேலத்தில் நிறைய உண்டு, ஆடிட்டரிடம் காட்டி விட்டு மேலே பேசுங்கள். புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருப்பதையும் அவரே சொல்வார்.

சிஎஸ்ஆர் பணம் வாங்குவதாக இருந்தால் எதிர்ப்பக்கம் என்ன கட்டாயம் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேலான கம்பெனிகள் முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். சராசரியாக 10 கோடியோ அதற்கு மேலோ இப்படிச் செலவிட வேண்டிய கம்பெனி, ஒரு கோடியோ அதற்கு மேலோ செலவான திட்டங்களை வெளியாள் வைத்து மதிப்பீடு செய்ய வேண்டும் என்பது 2021இல் வந்த விதி. அந்த மதிப்பீட்டாளர் உங்களிடம் பிரிவுவாரிக் கணக்கு கேட்பார். அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. உங்கள் அலுவலகத்திலேயே பத்துப் பேர் வேலை பார்த்தால் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு உள்ளகக் குழு கட்டாயம், அது இல்லாமல் பெண் கல்வித் திட்டம் நடத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், சொந்த வீட்டுக் கூடம்

அறங்காவலர்கள் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெயர் வேண்டாம்: ஆணா பெண்ணா, வயது, எந்தப் பகுதி, எந்தப் பிரிவு. ஏழு பேரில் ஐந்து பேர் ஒரே குடும்பமாகவும் எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்களாகவும் இருந்தால் அதுவும் ஒரு தகவல்தான், மறைக்காமல் எழுதுங்கள். இதைக் கேட்டால் பெரியவர்களுக்குக் கோபம் வரும். வெளிநாட்டிலும் வந்திருக்கிறது. கலிஃபோர்னியாவில், பெரிய அறக்கட்டளைகள் தங்கள் நிர்வாகக் குழு, ஊழியர்கள், பணம் பெறுகிறவர்கள் யார் யார் என்ற கணக்கை வெளியிட வேண்டும் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அறக்கட்டளைகள் கடுமையாக எதிர்த்தன. கடைசியில், 2008இல், சிறுபான்மையினர் நடத்தும் அமைப்புகளுக்கு உதவி செய்கிறோம் என்று ஒரு சமரசம் பேசி மசோதாவைத் திரும்பப் பெற வைத்தன. பணம் தருகிறோம், கணக்கு மட்டும் கேட்காதே என்பதுதான் அந்தச் சமரசத்தின் சாரம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர் யார் என்பது எதைக் கெடுக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளையே சாட்சி. 2015இல், இனி எங்கள் வேலை முழுக்க ஏற்றத்தாழ்வை எதிர்ப்பதுதான் என்று அறிவித்தார்கள். அவ்வளவு பெரிய திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளைப் பற்றி எதுவுமே இல்லை. மாற்றுத்திறனாளி அமைப்புகள் கேள்வி கேட்டன. அடுத்த வருடம் அதன் அப்போதைய தலைவர் டேரன் வாக்கர், விட்டது எங்கள் தவறு என்று பகிரங்கமாகவே எழுதினார். கெட்டிக்காரர்கள் நிறைந்த இடத்திலேயே அப்படி என்றால், மாடியில் லிஃப்ட் இல்லாத அலுவலகம் வைத்திருக்கும் நம் நிலைமையைச் சொல்லவா வேண்டும்? எங்கள் அலுவலகப் படிகளை நான் ஒரு நாளும் படிகளாகப் பார்த்ததில்லை, சக்கர நாற்காலியில் ஒருவர் கீழே வந்து நின்று போன் பண்ணும்வரை.

எப்படிக் கேட்பது

புதியவர்கள் அதிகம் சொதப்புவது இங்கேதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

'உங்களுக்கு ஊனம் உண்டா?' என்று கேட்டால் சிரமம் உள்ளவர்கள்கூடப் பலர் இல்லை என்பார்கள். கேட்கும் விதமே அப்படி. ஐ.நா. புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001இல் அமைந்த வாஷிங்டன் குழு இதற்கென்று ஆறு கேள்விகள் செய்து வைத்திருக்கிறது: பார்ப்பது, கேட்பது, நடப்பது அல்லது படி ஏறுவது, நினைவு வைத்துக்கொள்வது அல்லது கவனம் செலுத்துவது, குளிப்பது உடுத்துவது போன்ற சொந்த வேலை, பிறரோடு பேசிப் புரிய வைப்பது. ஒவ்வொன்றிலும் சிரமம் இருக்கிறதா என்று கேட்டு நான்கு பதிலில் ஒன்று: சிரமமில்லை, கொஞ்சம் சிரமம், ரொம்பச் சிரமம், முடியவே முடியாது. கடைசி இரண்டில் ஒன்று எங்கேயாவது வந்தால் அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறைக் குடும்பத்தில் இதைக் கேட்டபோது, முதல் கேள்வியிலேயே 'இல்லை' என்று டிக் அடிக்கப் போன பெரியவர், "கண்ணாடி போட்டாலும் பார்க்கச் சிரமமா?" என்று கேட்டதும் நிறுத்தினார். "பத்த வைக்கிற வேலை இப்ப முடியறதில்லைங்க, சலங்கை கோக்கிறதையும் பொண்ணுதான் பாக்குது" என்றார். அவரிடம் மாற்றுத்திறனாளி அட்டை கிடையாது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகை இருக்கிறது என்பதும் தெரியாது. அட்டையை மட்டும் கேட்டிருந்தால் அவர் எங்கள் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார், அவருக்காகப் பள்ளியை விட்டு நின்ற மகளும் வந்திருக்க மாட்டாள்.

சாதியைக் கேட்க வேண்டுமா என்றால், பிரிவை மட்டும் கேட்கலாம் என்பது என் கட்சி. தமிழக இட ஒதுக்கீட்டுப் பட்டியலையே அப்படியே கட்டங்களாகப் போடுங்கள்: பிசி, பிசி முஸ்லிம், எம்பிசி மற்றும் சீர்மரபினர், எஸ்சி, எஸ்சி அருந்ததியர், எஸ்டி, மற்றவர். எஸ்சி என்று ஒரே கட்டமாக வைத்துவிடாதீர்கள். 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததே, மொத்தக் கணக்கில் அவர்கள் காணாமல் போனார்கள் என்பதால்தான். சேலம், நாமக்கல் பக்கம் அவர்கள் கணிசமாக இருக்கிறார்கள், உங்கள் டிரஸ்டிலும் அதே கதை நடக்கலாம். பாலினத்தில் திருநங்கை, திருநம்பி கட்டங்களும் 'சொல்ல விருப்பமில்லை' என்பதும் இருக்கட்டும். அந்தக் கடைசிக் கட்டம் எல்லாக் கேள்விக்கும் வேண்டும், அதைத் தொட்டவருக்கு மார்க் குறையாது என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

இந்தக் கேள்விகளைத் தனித் தாளில் வையுங்கள். தேர்வு செய்யும் குழு கையில் அந்தத் தாள் போகவே கூடாது, அவர்களுக்கு எண் மட்டும் போகட்டும். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது, 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது அது. அறிக்கையில் ஐந்துக்குக் குறைவான எண் வந்தால் 'ஐந்துக்கும் கீழ்' என்று மட்டும் போடுங்கள். 'வெள்ளக்கடை, திருநங்கை, 1' என்று அச்சிட்டால் அது புள்ளிவிவரமில்லை, ஊருக்கே ஆளைக் காட்டிக் கொடுப்பது.

எண்ணுவது: கிடைத்தவரை மட்டும் அல்ல

இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு டிரஸ்ட் 42 பேருக்கு உதவித்தொகை தந்தது, அதில் 2 பேர் மலையிலிருந்து வந்த பழங்குடி மாணவர்கள். அதாவது 4.8 சதவீதம். மாவட்டத்தில் பழங்குடியினர் 3.4 சதவீதம்தானே, நாம் அதைவிட நன்றாகவே செய்திருக்கிறோம் என்று தலைவர் மைக்கில் சொல்வார், கைதட்டலும் கிடைக்கும். இப்போது பின்னால் போய்ப் பாருங்கள். படிவம் வாங்கிய பழங்குடி மாணவர்கள் 60 பேர், மற்றவர்கள் 400. எல்லா ஆவணமும் சேர்த்துத் திரும்பக் கொடுத்தவர்கள் அங்கே, பழங்குடியினரில் 12, இங்கே, மற்றவர்களில் 200. கிடைத்தது அங்கே 2, இங்கே 40. படிவம் வாங்கியவர்களில் இங்கே பத்தில் ஒருவருக்குக் கிடைத்திருக்கிறது, அங்கே முப்பதில் ஒருவருக்கு. மூன்று மடங்கு வித்தியாசம், ஆனால் ஆண்டறிக்கையில் அது வெற்றி!

எங்கே தவறியது என்றும் இதே கணக்கே சொல்லும். முழுமையான விண்ணப்பம் தந்தவர்களில் இங்கே 20 சதவீதம், அங்கே 16.7 சதவீதம், கிட்டத்தட்ட ஒன்றுதான். பன்னிரண்டு பேரில் இன்னும் ஒருவருக்குக் கிடைத்தாலே 25 சதவீதம் ஆகிவிடும் என்பதால் அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துத் தேர்வுக் குழுவைத் திட்டக் கூடாது. ஆனால் படிவத்தைப் பூர்த்தி செய்தவர்கள் இங்கே பாதிப் பேர், அங்கே ஐந்தில் ஒருவர். ஓட்டை அங்கே இருக்கிறது. தேர்வுக் குழுவுக்கு இரண்டு நாள் 'பாரபட்சம் களையும் பயிற்சி' கொடுத்து ஒரு லட்சம் செலவழிப்பதைவிட, ஆவணப் பட்டியலில் ஒரு வரியை அடிப்பது இங்கே பலன் தரும். கேள்விப்பட்டவர், படிவம் வாங்கியவர், முழுசாகத் தந்தவர், நேர்காணலுக்கு வந்தவர், கிடைத்தவர், ஒரு வருடம் கழித்தும் படிப்பைத் தொடர்கிறவர்: இந்த ஆறு படியிலும் பிரிவுவாரியாக எண் போடுங்கள். எக்செல்கூட வேண்டாம், நீள நோட்டு போதும்.

அமைப்புகளுக்கு நிதி தருகிற டிரஸ்டாக இருந்தாலும் இதே ஏணிதான். பெயர்கள்தான் மாறும். அங்கே ஓட்டை பெரும்பாலும் மொழியில் இருக்கும். ஆங்கிலத்தில் முப்பது பக்கம் எழுதத் தெரிந்த அமைப்புக்குப் பணம் போகும், மலையில் பத்து வருடமாக வேலை செய்யும் மகளிர் குழு முதல் கட்டத்திலேயே நின்றுவிடும். தமிழில் இரண்டு பக்கம் அல்லது வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிடக் குரல் பதிவு போதும் என்று ஒரு வருடம் சோதனைக்காவது செய்து பாருங்கள்.

சமமாகக் கொடுப்பதும் சரியாகக் கொடுப்பதும்

ஆளுக்குப் பத்தாயிரம் என்று வைத்துவிட்டால் கணக்கு எழுத எளிது. ஆனால் சேலத்திலேயே வீடு உள்ளவளுக்கு அது புத்தகமும் பீஸும், மலையிலிருந்து வருகிறவளுக்கு விடுதி, பஸ், கூடவே வரும் அம்மாவின் ஒரு நாள் எஸ்டேட் கூலி எல்லாம் போனபிறகு மிச்சம் இருப்பதுதான் படிப்புக்கு. தொலைவுக்கு என்று தனியாக ஒரு தொகை வையுங்கள். 'முதலில் நீங்கள் செலவு செய்யுங்கள், பில் கொடுத்தால் திருப்பித் தருகிறோம்' என்ற விதியைக் கண்ட இடத்தில் அடித்துவிடுங்கள். கையில் காசு இருப்பவருக்கு மட்டும்தான் அது உதவி.

வந்தவர் பேச்சு எடுபடுகிறதா

இதை அளப்பது கஷ்டம், ஆனால் முடியாததில்லை. பயனாளிகள் கூட்டம் போட்டால் நோட்டில் ஒரு ஓரத்தில் யார் எத்தனை தடவை பேசினார்கள் என்று கோடு போடுங்கள். இரண்டு மணி நேரக் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் தலைவரும் சிறப்பு விருந்தினரும் பேசியிருந்தால் அதற்குப் பெயர் கூட்டமில்லை, விழா. வருடத்துக்கு ஒரு முறை பெயர் போடாமல் மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கள் அலுவலகத்தில் மரியாதையாக நடத்தினார்களா, நீங்கள் சொன்னதை யாராவது கேட்டார்களா, கேட்டு ஏதாவது மாறியதா. மூன்றாவதுக்குத்தான் பதில் மோசமாக வரும். அடுத்த கூட்டத்தில் 'போன தடவை நீங்கள் சொன்னது இது, நாங்கள் செய்தது இது, செய்யாதது இது, காரணம் இது' என்று வாசித்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும். பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை வரிசையில் நிற்க வைக்கும் போட்டோவை விட்டுவிட முடிந்தால் பாதி வேலை முடிந்தது. எங்கள் டிரஸ்டில் இன்னும் முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வெளியே வையுங்கள்

பிரிட்டனில் 'ஃபவுண்டேஷன் பிராக்டிஸ் ரேட்டிங்' என்று ஒன்று 2022இல் முதல் முடிவுகளை வெளியிட்டது. நூறு அறக்கட்டளைகளை எடுத்து, அவர்கள் பொதுவில் வைத்திருக்கும் தகவலை மட்டும் பார்த்து, பன்மைத்தன்மை, பொறுப்பு, வெளிப்படைத்தன்மை மூன்றுக்கும் ஏ முதல் டி வரை மார்க் போட்டார்கள். மூன்றில் மிக மோசமாக வந்தது பன்மைத்தன்மைதான். உள்ளே செய்கிறோம், வெளியே சொல்வதில்லை என்றால் அங்கே மார்க் இல்லை. அமெரிக்காவில் இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது. கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் என்று ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற முதலீட்டு நிறுவனம் வைத்திருந்த உதவித் திட்டத்தை 2024இல் நீதிமன்றம் தடுத்தது, பலர் 'டிஇஐ' சொற்களையே தங்கள் இணையதளத்திலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அந்தப் பயம் தேவையில்லை, நம் அரசியல் சட்டமே வேறு. ஆறு படிக் கணக்கை ஒரு பக்கத்தில் தமிழில் அச்சிட்டு அலுவலக வாசலில் ஒட்டுங்கள், படிவம் வாங்க வருகிறவர் முதலில் அதைப் படிக்கட்டும்.

எங்கே தொடங்குவது என்று இன்னும் குழப்பமாக இருந்தால், பீரோவின் மேல்தட்டில் நிராகரித்த கட்டு தூசியோடு இருக்கும், அதை இறக்குங்கள். நான் இறக்கியது இரண்டு வருடம் கழித்து. ஏற்காட்டிலிருந்து வந்த பதினோரு படிவத்தில் ஏழின் மேல் என் கையெழுத்திலேயே 'ஆவணம் குறைவு' என்று இருந்தது, ஏழிலும் குறைந்தது அதே சான்றுதான். தலைவரிடம் கொண்டுபோய் வைத்தேன். "விதின்னா விதிதானேப்பா" என்று கொஞ்ச நேரம் முனகினார். பிறகு, சான்றுக்கு விண்ணப்பித்த ரசீது இருந்தால் போதும், சான்று வந்ததும் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதியைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். அந்த நாகலூர்ப் பெண்ணின் படிவத்தில் இருந்த எண்ணுக்கு போன் பண்ணினேன். அம்மாதான் எடுத்தார். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறதாம். தங்கச்சி பிளஸ் டூ படிக்கிறாள், படிவம் எப்போது தருவீர்கள் என்று கேட்டார்.